கன்ட்ரிப் பாட்டும் கட்லட்டும்

செத்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாத மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டிலிருந்து நாலாவது கதவு. எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கின் தமிழ்ப் பாடகர் குழுவில் எனக்குப் பின்வரிசையில் கிட்டாரோடு இருந்தவர்.

பங்குச் சபையில் நெடுங்காலம் தலைவராக இருந்த ஒருவர் காலமாகிவிட்டார். பூசை முடிந்து ஆளாளுக்கு எழும்பி, பண்பாளர் என்றார்கள், கொடைவள்ளல் என்றார்கள், எல்லாரையும் தன் பிள்ளைகளாக நினைத்தவர் என்றார்கள். இவருடைய முறை வந்தது. ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இவர் என்னட்டை மூண்டு தரம் பொய் சொன்னவர். மூண்டு தரமும் சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவர். அந்தச் சிரிப்பை என்னாலை மறக்க ஏலாது."

அவ்வளவுதான். போய் இருந்துவிட்டார். முன்வரிசையில் செத்தவரின் மனைவியின் தோள் குலுங்கியது. ஐயோ, அழுகிறாரே என்று ஓடிப்போய்ப் பக்கத்தில் இருந்தால், அந்த மனுசி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். "தங்கச்சி, இப்பதான் என்ரை மனிசனைப் பற்றிக் கதைக்கினம் எண்டு விளங்கினது," என்றார். அன்றிலிருந்து எனக்கு இந்த மனிதரில் ஒரு மரியாதை, கூடவே ஒரு பயம்.

நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். பெயரைப் போட்டால் இதை வாசித்துவிட்டு, எந்த வரியில் கூட்டிச் சொன்னேன், எந்த வரியில் குறைத்துச் சொன்னேன் என்று தொலைபேசியில் வரிசையாகச் சொல்லுவார். இப்போது மகளோடு மான்செஸ்டரில் இருந்தாலும் அந்தப் பழக்கம் போயிருக்காது.

நான் ஆசையாக இடியப்பம் அவித்துக் கொடுத்தால், "சொதி நல்லாய் இருக்கு பிள்ளை," என்பார். இடியப்பம் எப்படி அண்ணை என்று கேட்டால் போச்சு. "அதைக் கேக்காமல் விட்டிருக்கலாம்," என்பார். கோபம் வரும். ஆனால் அவர் சொதி நல்லது என்றால் அது உண்மையாகவே நல்லது. லண்டனில் இத்தனை வருஷத்தில் என் சமையலைப் பற்றி நான் நம்பிய ஒரே வார்த்தை அது.

அவருடைய மனைவி, எங்களுக்கு அக்கா, இதற்கு நேர் எதிர். அக்காவின் வாயில் தேன். உன் பிள்ளை என்ன கெட்டிக்காரி, உன் சேலை என்ன வடிவு, உன் குரலுக்கு நீ படத்தில் பாடியிருக்கவேணும். எல்லாம் பொய். கேட்டால் அந்தக் கிழமை முழுக்க மனம் குளிர்ந்திருக்கும். இந்த இரண்டு பேரும் முப்பத்தெட்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் எப்படிக் காலம் தள்ளினார்கள் என்று நாங்கள் வியக்காத நாளில்லை.

அண்ணை நாற்பது வருஷமாகக் கலியாண வீடுகளிலும் சாமத்தியச் சடங்குகளிலும் கிட்டார் வாசித்தவர். தபால் பிரிக்கிற வேலைக்கு இரவு ஷிப்ட், சனி ஞாயிறு இசைக்குழு. வாசிப்பார், பாடமாட்டார். குரல் இல்லாமல் இல்லை. ஒருமுறை கலியாண மண்டபத்தில் பாட்டுக்காரர் வரப் பிந்திவிட்டது. இவரைப் பாடச் சொல்லிக் கெஞ்சினார்கள். ஏலாது என்றுவிட்டார். பிறகு என்னிடம் சொன்னார்:

"வெண்ணிலவே வா எண்டு பாடட்டாம் பிள்ளை. பகல் பன்னிரண்டு மணி. வெளியிலை மழை."

அப்படிப்பட்டவருக்குப் பிடித்தது கன்ட்ரிப் பாட்டு. அமெரிக்காவின் பட்டிக்காட்டுப் பாட்டு. தொப்பி, குதிரை, ரயில், சிறைச்சாலை, சாராயம், விட்டுப் போன மனைவி. இளவயதில் கொழும்பு ஹோட்டல் ஒன்றில் வாசித்தபோது வெள்ளைக்காரப் பயணிகள் கேட்டுக் கேட்டு இவருக்குப் பழக்கம். அதுவும் இப்போதைய மின்னுகிற ரகம் இல்லை. பழைய ரகம்: ஒரு கிட்டார், ஒரு வயலின், ஒரு பேஸ், அவ்வளவு.

"இதிலை அப்பிடி என்ன கிடக்கு அண்ணை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவன் நடந்ததைப் பாடுறான். மனிசி விட்டிட்டுப் போனால், போயிட்டா எண்டு பாடுறான். எங்கடை ஆக்கள் எண்டால், தாயைப் பாக்க ஊருக்குப் போனவ எண்டெல்லோ சொல்லுவினம்."

ஓய்வு பெற்ற மறுகிழமை அறிவித்தார்: பத்துப் பாட்டு, எல்லாம் தமிழ், எல்லாம் தன் சொந்த வரிகள், பழைய கன்ட்ரி முறையில் ஓர் இறுவட்டு, அதுதான் சீடி. வாழ்க்கை முழுக்க மற்றவர்களின் பாட்டை வாசித்தாயிற்று, சாவதற்கு முன்னம் தன்னுடையது ஒன்று வேண்டும் என்றார். எனக்குக் கோரஸ். வயலினுக்கு மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு கணக்காளர். பிளேஸ்டோவில் அவருடைய வீட்டுப் பின்வளவுக் கொட்டிலில்தான் ஒலிப்பதிவு. கோலாலம்பூரில் கர்நாடக முறையில் படித்தவர் என்பதால், விரலை எங்கே வைத்தாலும் கமகம் வந்துவிடும்.

"தம்பி, குதிரை ஓடவேணும். நீர் தேர் இழுக்கிறீர்," என்பார் அண்ணை.

"சரிங்கண்ணே, குறைச்சுக்கிறேன்," என்று அவர் இன்னும் பெரிதாக இழுப்பார்.

அண்ணையின் சட்டம் ஒன்றுதான். தனக்கு நடக்காததைப் பாடக் கூடாது. ஆனால் கன்ட்ரிக்கு வேண்டிய எதுவும் அந்த மனிதருக்கு நடக்கவில்லையே! குடிக்கமாட்டார். குதிரையைக் கிட்டத்தில் கண்டதில்லை. சிறைக்குப் போனதில்லை. சரி, நடக்க வைப்போம் என்று இறங்கினார். உதைபந்தாட்டம் நடக்கிற ஒரு நாள் மைதானத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, குதிரையில் இருந்த பொலிஸ் பெண்ணிடம் தொட்டுப் பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். தொட்டார். குதிரை அவர் முகத்தில் தும்மியது. மூன்றாவது பாட்டு அதுதான்: ஒரு மனிதன், ஒரு குதிரை, ஒரு தும்மல். சிறைப் பாட்டுக்கு ஒரு கட்டடத்தின் லிஃப்டில் நாற்பது நிமிஷம் அகப்பட்டுக் கிடந்த அனுபவம் கைகொடுத்தது. சாராயப் பாட்டுக்காகப் பப்பில் போய்த் தொப்பியோடு இருந்து, லெமனேட் குடித்துவிட்டு வந்து, லெமனேட் என்றே பாடினார். பாட்டு நல்லாயிருந்தது, அதுதான் அநியாயம். எங்கள் குழுத் தலைவர் சுருதி விலகுவதும், ஃபாதரின் பிரசங்கம் நீளுவதும் ஆளுக்கொரு பாட்டாகின.

ஒன்பது பாட்டு முடிந்தது. பத்தாவது மனைவி விட்டுப் போன பாட்டாக இருக்கவேணும் என்று அண்ணைக்கு ஆசை. அது இல்லாத கன்ட்ரி உப்பில்லாத கஞ்சி என்பார். அக்காவோ ஓர் இரவு வெளியில் தங்காத மனுசி.

"ஒரு கிழமை தங்கச்சி வீட்டை போய் நில்லனப்பா," என்று கேட்டே விட்டார், என் முன்னால்.

"நான் போனால் உங்கடை பிறஷர் குளிசையை ஆர் எடுத்துத் தாறது? விசர்க்கதை கதையாமல் தேத்தண்ணியைக் குடியுங்கோ," என்றார் அக்கா.

அண்ணையும் யோசித்துவிட்டு, "அதுகும் சரி. சொல்லிப் போனால் அது போனதில்லை," என்று விட்டுவிட்டார்.

இரண்டு கிழமை கழித்துப் பத்தாவது பாட்டோடு பிளேஸ்டோவுக்கு வந்தார். தாளை என் கையில் தந்தார். வாசித்தேன். வாயில் ஈ போனது தெரியாமல் நின்றேன்.

"வெம்பிளிக் கடையிலே பொரிஞ்சது கட்லட்
வீட்டிலே என் மனம் கரிஞ்சது கட்லட்
இருபது வருஷமாய் எல்லாரும் புகழ
எழும்பி வெளியே போனேனடி"

எங்கள் பங்கைத் தெரியாதவர்களுக்குச் சொல்லவேணும். மாதா திருவிழாவுக்கு ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு பலகாரம் கொண்டுவரும். அதில் பேர்போனது அக்காவின் மீன் கட்லட். ஃபாதர் பலிபீடத்தில் நின்றே அதைச் சொல்லுவார். நான் நாலுமுறை செய்முறை கேட்டு, அக்கா நாலுமுறையும் வேறு வேறு விதமாகச் சொல்லி, நான் நாலுமுறையும் ஒவ்வொரு கிலோ உருளைக்கிழங்கை நாசமாக்கியிருக்கிறேன். யாராவது அந்தக் கட்லட்டைப் புகழத் தொடங்கினால் அண்ணை எழும்பிக் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விடுவார். ஒளித்துச் சிகரெட் பிடிக்கிறார் என்று நினைத்து, அவருடைய நுரையீரலுக்காக ஒரு செபமாலையும் சொல்லியிருக்கிறோம்!

"உண்மையோ அண்ணை?"

"முதல் வருஷம் அவவுக்குக் கை சுட்டுப்போச்சு. தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்துக் கடையிலை வாங்கி, தட்டு மாத்தி வைச்சவ. ஃபாதர் புகழ்ந்துபோட்டார். பேந்து எப்பிடிச் சொல்லுறது? நான் ஒருத்தருக்கும் பொய் சொல்லேல்லை. வெளியிலை போய் நிண்டனான்."

நான் கோரஸ் பாடினேன். என்ன செய்வது, மெட்டு அப்படி. 'போனேனடி, போனேனடி' என்று பாடும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, என் நாலுகிலோ உருளைக்கிழங்கை நினைத்து ஆத்திரமும் வந்தது.

அக்கா அதைக் கேட்டது சமையலறையில். அண்ணைதான் போட்டுக் காட்டினார். ஒளித்துச் செய்தால் அதுவும் பொய்யாம். அக்கா அடுப்பை நிறுத்தினார். கத்தவில்லை.

"இந்தப் பாட்டு வெளியிலை வந்தால் நான் இந்தச் சனத்தின்ரை முகத்திலை முழிக்க ஏலாது. இதை எடுங்கோ. இல்லாட்டி நான் போறன்."

"எடுக்க ஏலாதப்பா."

அக்கா போய்விட்டார். ஒரு சின்னப் பெட்டியோடு வெம்பிளிக்கு, தங்கச்சி வீட்டுக்கு. போகுமுன் குளிசைகளைக் கிழமை நாள் போட்ட டப்பாவில் அடைத்து வைத்துவிட்டுத்தான் போனார்.

செய்தி கேட்ட வயலின்காரருக்குப் பரவசம். "அண்ணே! இப்பதான் நிஜமாவே பாட்டு கிடைச்சிருக்கு. எழுதிடுங்க!" என்று தொலைபேசியில் துள்ளினார். அண்ணை தொலைபேசியை வைத்துவிட்டாராம். நான் சோறு கறி கட்டிக்கொண்டு போனேன். மேசையில் வெறுந்தாள், மூடி கழற்றாத பேனை.

"அந்தக் கன்ட்ரிப் பாட்டுக்காரங்கள் எப்பிடிப் பாடினவங்கள் எண்டு விளங்கேல்லை பிள்ளை. எனக்கு வாசலிலை கிடக்கிற அவவின்ரை செருப்பைப் பாக்கவே ஏலாமல் கிடக்கு," என்றார். அறுபத்தெட்டு வயது மனிதர்.

"அப்ப அந்தக் கட்லட் பாட்டை எடுத்துவிடுங்கோவன் அண்ணை. ஒன்பது பாட்டுக் காணாதே?"

"குழுத் தலைவரின்ரை சுருதியைப் பாடியிருக்கிறன். ஃபாதரின்ரை பிரசங்கத்தைப் பாடியிருக்கிறன். ஊரார் குறையைப் பாடிப்போட்டு என்ரை வீட்டுக் குறையை ஒளிச்சால் அந்த ஒன்பதும் என்ன உண்மை? அவவை விட்டும் இருக்க ஏலாது, பாட்டை எடுக்கவும் ஏலாது. நீயே சொல்லு, என்ன செய்ய?"

எனக்கு என்ன தெரியும்? அடுத்த நாள் ரயில் ஏறி வெம்பிளிக்குப் போனேன். அக்கா தங்கச்சி வீட்டு சோபாவில் கோட்டோடு இருந்தார். வழியில் யோசித்துக்கொண்டு போனதைச் சொன்னேன்.

"அக்கா, எங்கடை ஆக்களின்ரை இறுவட்டு வெளியீடு நீங்கள் காணாததே? விளக்கேத்துவினம். அகவணக்கம். வரவேற்புரை, ஆசியுரை, வெளியீட்டுரை, ஆய்வுரை. முதற்பிரதி, சிறப்புப்பிரதி எண்டு ஐம்பது பேரை மேடைக்குக் கூப்பிட்டுப் படம் எடுப்பினம். கடைசியிலை சாப்பாடு. எந்த வெளியீட்டிலையாவது ஆராவது பாட்டுக் கேட்டவையோ? வீட்டை கொண்டுபோய்ப் போட்டுக் கேக்கவும் ஒருத்தரிட்டையும் இப்ப சீடி போடுற பெட்டி இல்லை. அண்ணையின்ரை பாட்டும் வெளியிலை வரும், உங்கடை மானமும் போகாது."

அக்கா கோட்டை இழுத்து மூடினார். "நான் பின்னுக்குத்தான் இருப்பன்," என்றார். வீட்டுக்குத் திரும்பி வருவதாகச் சொல்லவில்லை.

வெளியீடு கோயில் மண்டபத்தில் நடந்தது. நான் சொன்னது அச்சொட்டாக நடந்தது. ஆய்வுரை செய்தவர் இறுவட்டைத் திறந்தே பார்க்கவில்லை, பொலித்தீன் உறை அப்படியே இருந்தது. அட்டைப் படத்தில் அண்ணையின் தொப்பி எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, அதன் தத்துவம் என்ன என்று அரை மணித்தியாலம் பேசினார். சிறப்புப்பிரதி வாங்க என்னைக்கூட இரண்டு தரம் கூப்பிட்டார்கள். அக்கா கடைசி வரிசையில் கோட்டின் பொத்தானைக்கூடக் கழற்றாமல் இருந்தார். ஆனால் கட்லட் வந்திருந்தது. சனம் பசியோடு போகக் கூடாது என்று வெம்பிளியிலிருந்து நேராகத் தட்டோடு வந்திருந்தார், கோபம் வேறு, பந்தி வேறு என்று.

ஏற்புரைக்கு அண்ணை எழும்பியபோது எனக்கு நிம்மதி. இரண்டு நன்றி சொல்லிவிட்டு இருந்துவிட்டால் எல்லாம் சுபம். அப்போது பார்த்து ஃபாதருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பாவம், நல்ல மனதோடுதான்.

"அண்ணை, ஒரு நிமிஷம். அக்காவின்ரை கட்லட் சாப்பிட்டு வளந்த பங்கு இது. அவ எப்பிடிச் செய்யிறவ எண்டு வீட்டிலை நிண்டு பாக்கிற பாக்கியம் உங்களுக்குத்தான். ஒருக்கால் சொல்லுங்கோ, எல்லாரும் கேக்கட்டும்."

மண்டபம் கைதட்டியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாதாவே, கெட்டுது கதை! இந்த மனிதரிடமா கேட்கவேணும்? கண்ணைத் திறந்து பார்த்தால் அண்ணை கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கதவு வலது பக்கம் திறந்துதான் இருந்தது. கார் நிறுத்துமிடத்துக்குப் போகிற கதவு. அவர் போகவில்லை.

"உருளைக்கிழங்கை அவிச்சு மசிப்பா," என்றார். "மீனை... முள்ளெடுத்து உதிர்ப்பா. மிளகு போடுவா. விடியக்காலமை நாலு மணிக்கு எழும்பி நிண்டு, தானேதான் பொரிப்பா. ஒருத்தரையும் கிட்ட விடமாட்டா. நான்... நான் வெங்காயம் வெட்டிக் குடுக்கிறனான்."

நெற்றியில் வியர்வை ஓடியது. பழக்கமில்லாத ஆள் பொய் சொன்னால் எங்கே நிறுத்துவது என்றும் தெரியாது போலும். கறிவேப்பிலைக்கு வந்தார். அதைத் தொட்டியில் தானே வளர்ப்பதாகச் சொல்லத் தொடங்கினார். அந்த வீட்டில் ஒரு தொட்டி கிடையாது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இந்த மனிதர் ஒரு சவவீட்டில்கூடச் சொல்லாத பொய்யை, தன் பாட்டு மேடையில் நின்று, அடுக்கடுக்காகச் சொல்லுகிறார்.

கடைசி வரிசையில் கதிரை சத்தம் போட்டது. அக்கா எழும்பி நின்றார்.

"ஃபாதர், காணும். அந்த மனிசனைப் பொய் சொல்ல விடாதேங்கோ, அவருக்கு அது சரிவராது. கட்லட் கடையிலை வாங்கிறது. இருபது வருஷமாய்க் கடையிலைதான்."

அக்காவின் கை முன்கதிரையை இறுக்கிப் பிடித்திருந்தது. அப்போது நடுவரிசையிலிருந்து ஒரு அம்மா சாவகாசமாகச் சொன்னார்:

"அது தெரியும் அக்கா. இருங்கோ."

"எங்களுக்கும் தெரியும்," என்றார் இன்னொருவர். "அந்தக் கடைக்காரன் போன முறையும் சொன்னவன், பெரிய தட்டு உங்கடை கோயில் அக்காவுக்கு எடுத்து வைச்சது, தொடாதேங்கோ எண்டு."

மண்டபம் முழுக்கத் தலைகள் ஆடின. ஃபாதர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவருக்கும் தெரியாது போல. அவருக்கும் எனக்கும் மட்டும்தான் இத்தனை வருஷமாகத் தெரியாதாம். நாலு கிலோ உருளைக்கிழங்கு! அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. பிறகு யாரோ சிரிக்க, எல்லாரும் சிரிக்க, அக்காவும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒலிவாங்கி இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"அப்ப நான் என்ன கோதாரிக்குப் பொய் சொன்னனான்?"

மண்டபம் முழுக்கக் கேட்டது. அக்கா கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, நடுவழியால் முன்னுக்கு நடந்து வந்தார்.

"எனக்காகச் சொன்னனீங்கள்," என்றார். "அது எனக்குக் காணும். இப்ப அந்தப் பாட்டைப் பாடுங்கோ, நான் முன்னுக்கு இருந்து கேக்கிறன்."